சிவப்பைக் காணாத கண்ணாடி

பாரிஸ் நகரில் பூல்வார் தே கப்புசீன் என்ற அகன்ற வீதியின் 35ஆம் எண் கட்டடத்தை 1860களில் அந்தப் பக்கம் போன யாரும் பார்க்காமல் கடந்திருக்க முடியாது. இரும்பும் கண்ணாடியுமாக எழுந்த முகப்பின் குறுக்கே ஒரு மனிதரின் கையெழுத்து பிரம்மாண்டமான சிவப்பு எழுத்துகளில் ஓடும். இரவானால் எரிவாயு விளக்கில் அது ஒளிரும். உள்ளே போனாலும் சிவப்புதான். வாசலுக்கு வந்து வரவேற்கும் முதலாளி சிவப்பு அங்கி போட்டிருப்பார். அவருடைய தலைமுடியே செம்பட்டை. தன் பெயரையும் சிவப்பில்தான் பொறிப்பார்: நதார்.

காஸ்பார் ஃபெலிக்ஸ் தூர்னாஷோன் என்பது பெற்றோர் வைத்த பெயர். அந்த நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த எழுத்தாளர்களும் ஓவியர்களும் இசைக்கலைஞர்களும் எப்படி இருந்தார்கள் என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அதற்குப் பெரும்பங்கு காரணம் இவர். போதலேர், தோமியே, பெர்லியோஸ், ரோசினி, ஜோர்ஜ் சாந்த் என்று நீளும் அந்த முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவந்த எனக்கு வெகுநாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. சிவப்பை இவ்வளவு நேசித்த அந்த மனிதர் வாழ்நாளின் சிறந்த படங்களை எல்லாம் எடுத்தது சிவப்பை அறவே காண முடியாத ஒரு கண்ணாடித் தகட்டில்.

பழைய ஸ்டுடியோக்களின் இருட்டறையில் எரியும் சிவப்பு பல்பைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சிவப்பு வெளிச்சத்தில் படம் அச்சிடும் காகிதம் கெடாது, ஏனென்றால் காகிதத்துக்கு அந்த வெளிச்சம் இருட்டுக்குச் சமம். நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியைக் காண்கிறது. ஊதா ஒரு முனை, சிவப்பு மறு முனை. நதார் பயன்படுத்திய வெள்ளி அயோடைடு, வெள்ளி புரோமைடு உப்புகளோ சுமார் 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீலத்தையும் ஊதாவையும் கண்ணுக்குத் தெரியாத புறஊதாவையும் மட்டுமே உணரும். ஒளித்துகள் ஒவ்வொன்றும் ஓரளவு ஆற்றலைச் சுமந்து வருகிறது. அலைநீளம் கூடக்கூட அந்த ஆற்றல் குறையும். வெள்ளி உப்பின் படிகத்துக்குள் ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிடும் வலு சிவப்பு ஒளித்துகளுக்குப் போதாது. எத்தனை கோடித் துகள்கள் வந்து மோதினாலும் படிகம் அசையாது.

ஆகவே நதாரின் முன் உட்கார்ந்தவரை அவர் கண் ஒருவிதமாகப் பார்த்தது, தகடு வேறுவிதமாகப் பார்த்தது. சிவந்த உதடு கருமையாக விழும். கன்னத்தின் செம்மை நிழலாகும். வெளிர்நீலக் கண்கள் கிட்டத்தட்ட வெண்மையாகி, பார்வைக்கு விசித்திரமான ஊடுருவும் தன்மை வந்துவிடும். நீலச் சட்டை வெள்ளையாகும், சிவப்புச் சட்டை கறுப்பாகும். தோல் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சிவப்பு ஒளி தோலுக்குள் சற்று இறங்கிப் பரவி வெளியே வருவதால் முகத்தை வழவழப்பாகக் காட்டும். நீலம் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். சுருக்கம், மரு, அம்மைத் தழும்பு, வெயிலின் புள்ளி எல்லாவற்றையும் அது ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதர்கள் நம்மைவிடக் கடுமையாகவும் முதிர்ந்தும் தெரிவதற்கு வாழ்க்கைப்பாடு மட்டும் காரணமில்லை. அந்த வெள்ளி உப்பின் பார்வையும் காரணம்.

இந்தத் தொழிலுக்கு அவர் நேர்வழியில் வந்தவரல்லர். 1820 ஏப்ரலில் பாரிஸில் பிறந்தார். தந்தை அச்சகமும் பதிப்பகமும் நடத்தி நொடித்துப்போனவர். லியோனில் கொஞ்ச காலம் மருத்துவம் படித்தார், பணமில்லாமல் விட்டார். பத்திரிகைகளில் எழுதினார், கேலிச்சித்திரம் போட்டார். சொற்களின் வாலில் ‘தார்’ என்று ஒட்டிப் பேசும் நண்பர் கூட்டத்தின் விளையாட்டில் தூர்னாஷோன் ‘தூர்னதார்’ ஆகி, பிறகு தலை வெட்டுப்பட்டு ‘நதார்’ ஆனது. 1848இல் போலந்து விடுதலைக்காகப் புறப்பட்ட தொண்டர் படையில் சேர்ந்து பிரஷ்யாவில் பிடிபட்டார். கடனாளிகளுக்கான சிறையையும் பார்த்தார். 1854இல் சுமார் 250 எழுத்தாளர்களின் கேலிச்சித்திரங்களை ஒரே ஊர்வலமாக வரைந்து ‘பாந்தேயோன் நதார்’ என்ற பெரிய கல்லச்சுத் தாளை வெளியிட்டார். பெயர் கிடைத்தது, பணம் வரவில்லை. அதே சமயத்தில்தான், உருப்படியாக ஒரு தொழில் அமையட்டும் என்று தம்பி அத்ரியேனைக் குஸ்தாவ் ல கிரே என்ற தேர்ந்த புகைப்படக்காரரிடம் பயிற்சிக்கு அனுப்பினார். தம்பிக்கு வாங்கிக்கொடுத்த தொழில் அண்ணனைப் பிடித்துக்கொண்டது.

பிறகு தம்பி ‘இளைய நதார்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள, அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று சகோதரர்கள் வழக்காடினார்கள். 1857இல் அண்ணன் வென்றார். அந்த வழக்கில் அவர் வைத்த வாதம் இன்றும் புகைப்பட வரலாற்றில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. புகைப்படத்தின் கோட்பாட்டை ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம், செய்முறையின் தொடக்கத்தை ஒரு நாளில் கற்றுவிடலாம். ஒளியை உணரும் திறனையும், எதிரே இருக்கும் மனிதரின் உள்ளத்தைச் சட்டென்று எட்டிப்பிடிக்கும் திறனையும் எவரும் கற்றுத்தர முடியாது என்பது அதன் சாரம்.

பிற்பாதியை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் போதும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஈரக் கொலோடியன் முறையில் ஒரு படம் எடுப்பதென்றால் என்ன என்று பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் ஊறவைத்தால் அது வெடிபஞ்சு ஆகிறது. அதை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கிடைக்கும் தேன் போன்ற பிசின்தான் கொலோடியன். காயத்தின் மேல் தடவினால் மெல்லிய தோல்போல உலர்ந்து மூடிக்கொள்ளும் என்று மருத்துவர்கள் ஏற்கெனவே அதைப் பயன்படுத்திவந்தார்கள். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் அதில் அயோடைடு உப்பைக் கலந்து கண்ணாடியில் ஊற்றிப் புகைப்படத் தகடாக்கும் வழியை வெளியிட்டார். கண்ணாடியை ஒரு கையில் ஏந்தி, நடுவில் பிசினை ஊற்றி, நான்கு மூலைக்கும் சாய்த்துச் சாய்த்து ஓட்டவேண்டும். தோசைக்கல்லில் மாவைப் பரப்புவதுபோலத் தேய்க்க முடியாது. தானாக ஓடிச் சீராக நிற்கவேண்டும். பிசின் இறுகிவரும் பதத்தில் அதை இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் இறக்கவேண்டும். அயோடைடும் வெள்ளியும் சேர்ந்து வெள்ளி அயோடைடாகி, தகடு பால்போல வெளுக்கும். சொட்டச் சொட்ட எடுத்துச் சட்டத்தில் பூட்டி, கேமராவில் செருகி, ஒளி காட்டி, மறுபடி இருட்டறைக்கு ஓடி உருத்துலக்க வேண்டும். இத்தனையும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள். ஈதர் பறந்து படலம் உலர்ந்துவிட்டால் கரைசல்கள் உள்ளே நுழையாது, படம் போய்விடும். வெயிலுக்கு ஒரு பதம், குளிருக்கு ஒரு பதம். கரைசலில் ஒரு தூசு விழுந்தால் முகத்தில் வால்நட்சத்திரம் போல ஒரு கோடு.

எதிரே இருப்பவர் அந்த நேரமெல்லாம் காத்திருக்கவேண்டும், பிறகு பல நொடிகள் அசையாமல் இருக்கவேண்டும். பெரும்பாலான ஸ்டுடியோக்கள் தலைக்குப் பின்னால் இரும்புக் கவையை முட்டுக்கொடுத்து, அட்டைத் தூணும் திரையில் வரைந்த பூங்காவும் வைத்து ஆளைப் பொம்மையாக்கின. அதே ஆண்டுகளில் திஸ்தேரி என்பவர் ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுத்து, விலாச அட்டை அளவில் வெட்டி விற்கும் முறைக்கு 1854இல் காப்புரிமை வாங்கிப் பாரிஸையே வரிசையில் நிறுத்தியிருந்தார். நதார் தூணையும் திரையையும் தூக்கி எறிந்தார். பின்னால் ஒன்றுமில்லாத ஒரு துணி. மேலேயும் பக்கத்திலும் இருந்து இறங்கும் ஜன்னல் வெளிச்சம், அதுவும் ஒரு கன்னத்தை எடுத்துக்கொண்டு மறு கன்னத்தை விட்டுவிடும். கறுப்புக் கோட்டு நிழலோடு கரைந்துபோக, முகம் மட்டும் எழுந்து வரும். தகடு தயாராகும் வரை பேச்சு. வந்தவர்களில் பாதிப்பேர் அவர் நண்பர்கள். பேசப் பேசத் தோள் தளரும், உதட்டின் இறுக்கம் போகும். தகட்டின் மந்தத்தை அவர் இப்படித்தான் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார் என்பது என் கணிப்பு. நொடியின் சிறு பின்னத்தில் எடுக்கும் படம் ஒரு முகபாவத்தைப் பிடிக்கும். பத்து நொடி திறந்திருக்கும் லென்ஸ், அந்தப் பத்து நொடியிலும் மாறாமல் நிற்பதைத்தான் பிடிக்கும். நட்புக்காகப் போட்ட சிரிப்பு கலைந்த பிறகு முகத்தில் எஞ்சுவது அது.

1864 வாக்கில் எடுத்த சாரா பெர்னாரின் படத்தைப் பாருங்கள். அப்போது அவருக்கு இருபது வயது, நாடக உலகம் இன்னும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. தோளைச் சுற்றிய கனத்த துணி, பகட்டான நகை எதுவும் இல்லை. செம்பொன் நிறமான அவர் சுருள்முடி தகட்டில் இருண்டு விழுந்திருக்கிறது. அந்த இருட்டு முகத்தைச் சூழ்ந்து நிற்பதால்தான் நெற்றியும் கன்னமும் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரிகின்றன. சிவப்பு தெரியாத தகட்டின் ஊனத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு அதன் மேலேயே படத்தைக் கட்டியிருக்கிறார். ஒளியை உணர்வது என்று அவர் சொன்னதில் வேதியியலும் அடக்கம் என்று இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

வழக்கில் தோற்ற அத்ரியேனையும் அறிவியல் வரலாறு மறக்கவில்லை. துஷேன் த பூலோன் என்ற நரம்பியல் மருத்துவர், முகத் தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டி எந்தத் தசை எந்த உணர்ச்சியைக் காட்டுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மின்தூண்டலில் தசை சுருங்கியபடியே நிற்பதால் மெதுவான தகட்டிலும் அது பதியும். அந்தப் படங்களில் சிலவற்றை எடுக்க உதவியவர் அத்ரியேன். உதட்டோரத்தைத் தூக்கும் தசையை நாம் நினைத்தபோது இயக்கலாம், கண்ணைச் சுற்றிய தசை உண்மையான மகிழ்ச்சியில்தான் சேர்ந்து சுருங்கும் என்று துஷேன் கண்டார். மனந்திறந்த சிரிப்பு இன்றும் உளவியலில் அவர் பெயரால் வழங்குகிறது. 1872இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி டார்வின் எழுதிய நூலில் துஷேனின் படங்கள் இடம்பெற்றன.

இனி பலூனுக்கு வருவோம். இங்கேதான் ‘ஒரு நாள் பாடம்’ நதாரையே பழிவாங்கியது. வானத்திலிருந்து நிலத்தைப் படமெடுத்தால் நில அளவைக்கு எவ்வளவு உதவும் என்று யோசித்து 1858இல் காப்புரிமை பெற்றுவிட்டு, பாரிஸுக்குப் பக்கத்தில் பெத்தி பிசேத்ர் என்ற சிற்றூரில் கயிற்றில் கட்டிய பலூனில் ஏறினார். கூடைக்கு மேலேயே கறுப்புத் துணிக் கூடாரம் கட்டி இருட்டறை. தகடு தயாரித்தார், எடுத்தார், துலக்கினார். வெறும் கருமை. கரைசலை மாற்றினார், பாத்திரத்தைக் கழுவினார், மறுபடி மறுபடி ஏறினார். ஒவ்வொரு முறையும் கருமைதான். காரணம் தலைக்கு மேலே இருந்தது. அன்றைய பலூன்களில் அடைத்தது நிலக்கரியிலிருந்து எடுத்த விளக்கு வாயு. மேலே போகப் போக வாயு விரிவதால் பலூன் வெடிக்காமல் இருக்க அடிக்கழுத்தைத் திறந்து வைப்பார்கள். அந்தத் திறப்பு நேரே கூடையைப் பார்த்திருக்கும். விளக்கு வாயுவில் கலந்திருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு கீழே இறங்கி, ஈரத் தகட்டின் வெள்ளியைக் கரிய வெள்ளி சல்ஃபைடாக மாற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுத்துப்போவதும் இதே வினைதான். அங்கே மாதக்கணக்கில் நடப்பது இங்கே நிமிடத்தில் நடந்தது.

அவருக்கு விடை கிடைத்தது தற்செயலாக. ஒரு மாலை கழுத்தை மூடிவிட்டுப் பலூனை அப்படியே நிறுத்திவைத்தார். இரவுக் குளிரில் வாயு சுருங்கி, காலையில் பலூனுக்கு ஆளைத் தூக்கத் தெம்பில்லை. கூடாரத்தைக் கழற்றினார், உடைகளைக்கூடக் களைந்து கீழே போட்டார். இருந்த வாயுவை விட மனமில்லாமல் கழுத்தைத் திறக்காமலே மேலே போனார். அன்றைய தகட்டில், மங்கலாகத்தான் என்றாலும், ஊரின் கூரைகள் தெரிந்தன. பூமியின் முதல் வான்வழிப் புகைப்படம் என்று கருதப்படும் அந்தப் படம் இன்று நம்மிடம் இல்லை. இன்றுள்ளவற்றில் பழையது 1860இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பாஸ்டன் நகரத்தின் மேல் எடுத்தது.

வானம் முடிந்ததும் பாதாளம். சூரியன் இல்லாத இடத்தில் படமெடுப்பது எப்படி என்ற கேள்வியிலும் அதே சிவப்புதான் குறுக்கே நின்றது. மெழுகுவத்தி, எண்ணெய் விளக்கு, எரிவாயு விளக்கு எல்லாமே மஞ்சளும் சிவப்புமான ஒளி தருபவை. கொலோடியன் தகட்டுக்கு அது ஏறக்குறைய இருட்டு. நீலமும் ஊதாவும் கொட்டும் ஒளி வேண்டுமென்றால் அன்று இருந்த வழி மின்வில். புன்சன் மின்கலங்கள் பலவற்றை அடுக்கி, இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே மின்சாரத்தைப் பாயவிட்டால் கண்கூசும் வெள்ளை ஒளி எழும். முதலில் தன் ஸ்டுடியோவிலேயே இரவில் முகங்களை எடுத்துப் பார்த்தார். நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுந்தது, கண்குழி கருங்குழியானது. வெள்ளைத் துணிகளை நிறுத்தி ஒளியைத் திருப்பி நிழலைத் தணிக்கக் கற்றுக்கொண்டார். இன்று எந்தக் கல்யாண மண்டபத்திலும் புகைப்படக்காரர் விரித்துப் பிடிக்கும் வெள்ளைக் குடையும் வெள்ளித் தட்டும் செய்வது அதைத்தான்.

1861இல் மின்னொளிப் புகைப்படத்துக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டு பாரிஸின் அடியில் இறங்கினார். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கங்களில், இடுகாடுகளிலிருந்து எடுத்துவந்த அறுபது லட்சம் பேரின் எலும்புகள் அடுக்கப்பட்டிருக்கும் காட்டகோம்புகள் முதலில். பிறகு ஓஸ்மான் நகரை மாற்றியமைத்தபோது பொறியாளர் பெல்கிராந்த் கட்டிய புதிய சாக்கடைச் சுரங்கங்கள். மொத்தம் சுமார் 100 படங்கள். மின்கலங்கள் அமிலப்புகை விடுவதால் அவற்றைத் தெருவிலேயே வைத்து, ஆள்நுழை துளை வழியாகக் கம்பியை இறக்கினார்கள். ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை லென்ஸ் திறந்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை நேரம் எந்த மனிதரும் அசையாமல் நிற்க முடியாது என்பதால் எலும்பு வண்டி தள்ளும் தொழிலாளியாக உடையணிவித்த பொம்மையை நிறுத்தினார். சாக்கடையில் பதினேழாவது நிமிடம் வரை எல்லாம் சரியாகப் போய், கடைசி நேரத்தில் தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து படத்தை மறைத்த நாட்களும் உண்டு. தினமும் தங்கள் காலுக்குக் கீழே ஓடும் நகரத்தைப் பாரிஸ்காரர்கள் முதன்முதலாகப் பார்த்தது இந்தப் படங்களில்தான். அவருடைய உருவப்படங்களுக்கு நிகராக இவற்றையும் நான் மதிக்கிறேன்.

1863இல் ‘ழெயான்’ என்ற 6,000 கனமீட்டர் ராட்சத பலூனைக் கட்டினார். பலூனுக்கு எதிர்காலமில்லை, காற்றைவிடக் கனமான எந்திரம்தான் பறக்கும் என்பது அவர் கொள்கை; அந்த ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கவே பலூன். இரண்டாம் பயணத்தில் அது ஜெர்மனியின் ஹனோவர் பகுதியில் தரையோடு தரையாக இழுத்துச் சென்று அவரையும் மனைவி எர்னெஸ்தீனையும் காயப்படுத்தியது, கடனையும் ஏற்றியது. அந்தக் கொள்கைக்காக அவர் தொடங்கிய சங்கத்தில் ஜூல்ஸ் வெர்ன் செயலாளராக இருந்தார். வெர்னின் நிலவுக்குப் போகும் நாவலில் வரும் ஆர்தான் என்ற பெயர் நதாரின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கியது. 1909இல் பிளேரியோ என்பவர் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, 89 வயது நதார் அவருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.

1870இல் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது மோன்மார்த்ர் குன்றில் பலூன் குழு அமைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சில மாதங்களில் 60க்கும் மேற்பட்ட பலூன்கள் கடிதங்களோடு நகரை விட்டுப் பறந்தன. பதில் வருவதற்குப் புறாதான். புறா எவ்வளவு சுமக்கும்? ரெனே தக்ரோன் என்பவர் செய்திகளை நுண்படமாகச் சுருக்கி, கொலோடியன் படலத்தைக் கண்ணாடியிலிருந்து உரித்தெடுத்துச் சுருட்டிப் புறாவின் வால் இறகில் கட்டி அனுப்பினார். கிராமில் இருபதில் ஒரு பங்கு எடையுள்ள ஒரு படலத்தில் சுமார் 3,000 செய்திகள். போதலேரின் முகத்தைத் தாங்கிய அதே பிசின்தான்.

கப்புசீன் வீதிக் கட்டடத்தின் செலவை நதாரால் தாங்க முடியவில்லை, காலி செய்தார். அவர் விட்டுப்போன அந்த அறைகளில் 1874 ஏப்ரல் 15 அன்று, சலோன் கண்காட்சியின் நடுவர்களோடு ஒத்துப்போகாத ஓவியர்கள் சிலர் தங்கள் படங்களை மாட்டினார்கள். மோனே, ரெனுவார், தெகா, பிசாரோ, பெர்த் மோரிசோ. துறைமுகப் பனிமூட்டத்தில் மோனே வைத்த செஞ்சூரியனின் தலைப்பிலிருந்துதான் அந்தக் குழுவுக்கே இம்ப்ரஷனிஸ்டுகள் என்று பெயர் வந்தது. கொலோடியன் தகட்டில் எடுத்திருந்தால் அந்தச் சூரியன் கரும்புள்ளியாக விழுந்திருக்கும்.

மாற்றம் மெல்ல வந்தது. 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர், தகட்டில் குறிப்பிட்ட சாயங்களைச் சேர்த்தால் அது பச்சையையும் உணரத் தொடங்குவதைக் கண்டார். சாயம் ஒளியை வாங்கி எலக்ட்ரானை வெள்ளிப் படிகத்துக்குக் கைமாற்றுகிறது. ஜெலட்டின் உலர்தகடுகள் வந்து, பல நொடிக் காத்திருப்பையும் ஒழித்தன. 1886இல் நூறு வயதை எட்டிய வேதியியலாளர் ஷெவ்ரலை நதார் பேட்டி கண்டபோது, மகன் பால் நதார் கேமராவுக்குப் பின்னால் நின்று கிழவரின் கையசைவையும் புருவ நெளிவையும் அந்தந்தக் கணத்தில் பிடித்தார். படமும் பேச்சுமாக வந்த முதல் பேட்டி என்று அதைச் சொல்கிறார்கள். ஷெவ்ரல் யார்? அடுத்தடுத்து வைத்த இரு நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்ற விதியை 1839இல் நூலாக எழுதியவர், நிறத்துக்காகவே வாழ்ந்தவர். படங்களில் அவர் கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்கிறார்.

நதார் 1910 மார்ச்சில் மறைந்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1907இல், லியோனின் லூமியேர் சகோதரர்கள் ஒரு புதிய தகட்டைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளை மூன்று பங்காக்கி ஒன்றை ஆரஞ்சுச் சிவப்பிலும் ஒன்றைப் பச்சையிலும் ஒன்றை ஊதாநீலத்திலும் தோய்த்து, கலந்து, கண்ணாடியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே எல்லா நிறத்தையும் உணரும் வெள்ளிப் பூச்சு. எதிரே ஒரு சிவப்பு அங்கி இருந்தால் அந்தக் கண்ணாடியில் அது சிவப்பாகவே விழும். நதாருக்கு அப்போது வயது 87.